பிள்ளைப் பேறும் பொதுப் பணமும்

"பிள்ளை இல்லாதது ஒரு நோயா? அதற்காகவும் அரசாங்கம் பொதுப் பணத்தைச் செலவிட வேண்டுமா?" ஜும்ஆ தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். காய்ச்சலுக்கே கட்டில் போதாத காலத்தில் இது ஆடம்பரமல்லவா என்பது அவர் எண்ணம். கேள்வி நியாயமானதே, நிதானமாகச் சிந்திப்போம்.

சந்ததியைக் கொடுப்பவனும் கொடாதிருப்பவனும் அல்லாஹ் ஒருவனே என்பதைச் சூரத்துஷ் ஷூரா நமக்கு அறிவிக்கின்றது. அதற்காக முயற்சியைக் கைவிடுவது ஈமான் ஆகிவிடாது. முதுமையிலும் ஜகரிய்யா (அலை) அவர்கள் பிள்ளை வரம் வேண்டி இறைஞ்சினார்கள். நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

சோதனைக் குழாய் முறை கூடுமா? திருமண பந்தம் நிலைத்திருக்கையில், கணவனின் வித்தும் மனைவியின் முட்டையும் மட்டுமே சேர்ந்து, அவளுடைய கருப்பையிலேயே கரு வளருமானால் கூடும். எகிப்தின் முஃப்தியாயிருந்த ஷைகு ஜாதுல் ஹக் 1980-ல் இவ்வாறே பத்வா அளித்தார். 1986-ல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் இதையே உறுதி செய்தது. மூன்றாமவர் ஒருவர் இடையில் நுழைவது ஹராம்.

இனி, பொதுப் பணம். நம் பிக்ஹு கலை மனிதத் தேவைகளை ழரூரத், ஹாஜத், தஹ்ஸீன் என மூன்று படிகளாகப் பிரிக்கிறது. உயிர் காக்கும் சிகிச்சை முதற்படி, அதற்கே முன்னுரிமை. பிள்ளைப் பேற்றுக்கான சிகிச்சை இரண்டாம் படியான ஹாஜத், அலங்காரத் தேவையன்று. வம்சத்தைப் பேணுவதும் ஷரீஅத்தின் நோக்கங்களில் ஒன்றல்லவா? பெரியவரின் கேள்விக்கு என் விடை இதுதான்: முதற்படியைப் பறிக்காமல் இரண்டாம் படிக்கும் செலவிடுவது நீதியே.

சோதனைக் குழாய் முறையில் முதற் குழந்தை 1978-ல் பிறந்தது. அதே ஆண்டு கல்கத்தாவிலும் ஒரு குழந்தை பிறந்தது. எனினும், நம் நாட்டில் அச்சிகிச்சை நெடுங்காலம் பெரும்பாலும் தனியாரிடமே இருந்தது. கோவா மருத்துவக் கல்லூரி 2023-ல் இலவசமாக அளிக்கத் தொடங்கியது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-ல் மையம் திறக்கப்பட்டது. நகையெல்லாம் அடகுக்குப் போன வீடுகளுக்கு இது பெரும் ஆறுதல்.

ஆனால் ஊசிக்கும் மருந்துக்கும் மட்டும் பணம் கொடுத்தால் போதுமா? நாள்தோறும் ஊசி, அடிக்கடி ஸ்கேன், முட்டை எடுத்தல், கருவை வைத்தல், பிறகு இரண்டு வாரக் காத்திருப்பு. காரைக்காலிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தங்கும் செலவும் இழந்த கூலியும் யார் கணக்கில்? இத்தனைக்கும் பிறகு, ஒரு சுற்றில் வெல்வோரைவிட ஏமாறுவோரே அதிகம். வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தம்பதியருக்கு விளக்கி ஆலோசனை தர வேண்டுமென 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தோற்றுத் திரும்பும் பெண்ணின் மனத்துக்கும் மருந்திட வேண்டும். அதற்கான செலவையும் பொதுப் பணமே ஏற்க வேண்டும்.

அரசாங்கத்தால் தர முடியாத மருந்து ஒன்று உண்டு. அது நம் நாவில் இருக்கிறது. சபுராளி கணவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருகிறார். அவர் விமானம் ஏறியதும், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று மனைவியைக் கேட்கிறோம்! குறை ஆணிடமும் இருக்கலாம் என்று மருத்துவம் சொல்கிறது. அப்படியிருக்க, பரிசோதனைக்கு அவளை மட்டும் அனுப்பி, 'மலடி' என்ற பட்டத்தையும் அவளுக்கே சூட்டுவது எந்த நீதி? மங்கல வீட்டில் அவளைப் பின்னே தள்ளுவது எந்த மார்க்கம்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் குழந்தை இல்லை. நாயகம் (ஸல்) அவர்களோ, அன்னையின் சகோதரி மகனான அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்தில்லாஹ்' என்று அவர்களைக் கண்ணியப்படுத்தினார்கள். பிள்ளை பெறாத அந்த அன்னை உம்மத்துக்கே அன்னையாகவும் ஆசிரியையாகவும் விளங்கினார்கள்.

ஏங்கும் இல்லங்களுக்கு ஸாலிஹான சந்ததியையும், கிடைக்காதோருக்கு அழகிய ஸப்ரையும், நமக்கு அடக்கமான நாவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.