பொய்யாக ஊதிய அபாயச் சங்கு

2017 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலுள்ள 156 அபாயச் சங்குகளும் சேர்ந்து அலறின. சூறாவளி ஏதும் வரவில்லை. யாரோ போலி வானொலி சமிக்ஞை அனுப்பி அவற்றை ஊத வைத்துவிட்டார். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவை விட்டுவிட்டு ஊதின. முழு அமைப்பையும் அணைத்த பிறகே ஓய்ந்தன. பதறிய மக்கள் 911 அவசர எண்ணை 4,000 தடவைக்கு மேல் அழைத்தார்கள். நெஞ்சுவலியால் துடித்து உதவி கேட்டவரும் அந்த வரிசையில் காத்திருக்க நேர்ந்திருக்குமே என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சேதம் அந்த ஓர் இரவோடு தீர்வதுமில்லை. வீணாக ஊதிப் பழகிய சங்கை, உண்மையான ஆபத்து வரும்போதும் மக்கள் உடனே நம்புவதில்லை. மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் ஊரில் 2011 மே 22 அன்று வீசிய டொர்னாடோ சூறாவளி 150-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சங்கு முன்கூட்டியே ஊதத்தான் செய்தது. ஆனால் அது அங்கே அடிக்கடி கேட்டுப் பழகிய ஓசை. பலர் உடனே பாதுகாப்பான இடம் தேடவில்லை. வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எத்தனை முறைதான் ஒருவர் வீணாக ஓடி ஒளிவார்?

டல்லாஸ் நகர நிர்வாகம் அத்துமீறல் நடந்ததை ஒப்புக்கொண்டு, சமிக்ஞைக்குக் குறியாக்கப் பாதுகாப்பைச் சேர்த்தது. தவறாகச் சங்கு ஊதிய எந்த ஊரிலும், ஏன் ஊதியது, என்ன சரிசெய்தோம் என்பதை நிர்வாகம் மறுநாளே மக்களுக்குச் சொல்லியாக வேண்டும்.