பனிக்காலப் பறவைகளும் பற்றும்

புலனின்பம் உயிரைப் பிணிக்கும் என்று துறவு நெறிகள் வற்புறுத்துவதால், மார்கழி விடியலில் ஏரிக்கரையில் நின்று பறவைகளைக் கண்டு களிப்பதும் அத்தகைய பிணிப்புதானா என்னும் வினா எழுகிறது. பற்று என்பது ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்ள விழையும் மனப்போக்கே ஆதலால், காணும் கண்ணின் மீது அக்குற்றத்தை ஏற்றுவது பொருந்தாது. உறங்கும் தோழியை எழுப்பும் ஆண்டாளின் திருப்பாவை, பறவைகளின் ஒலியையே விடியலுக்குச் சான்றாகக் காட்டுகிறது. பக்திக்காகக் காதை அடைக்கச் சொல்லாமல், திறந்து கேட்கச் சொல்கிறது.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குப் பனிக்காலத்தில் வந்து தங்கும் வரித்தலை வாத்துகள், திபெத், மங்கோலியா முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருபவை. இவை 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தமை பதிவாகியுள்ளது. மூடுபனி விலகும் வேளையில், கரையோரம் மேயும் வாத்தொன்றின் வெண்தலைக்குப் பின்புறம் குறுக்காக ஓடும் இரண்டு கரிய பட்டைகளைக் கண்டுகொண்டவர், அது கழுத்தை நிமிர்த்தியதும் தம்மையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறார்; இன்னும் ஓரடி எடுத்துவைத்தால் கூட்டமே எழுந்து பறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். நிகழ்வதில் தலையிடாமல் அதனை அறிந்து நிற்கும் உணர்வைச் சாட்சி என்கிறது வேதாந்தம். களிப்பு ததும்பும் இந்த நிலையைச் சாட்சி நிலையோடு முற்றும் ஒன்றாக்குவது மிகையே. ஆயினும், மிக விரும்பியதை நெருங்காமல் விட்டுவைக்கும் பயிற்சி பற்றறுப்பதற்கு அயலானதன்று.

அவ்வாறாயின், இவ்வின்பம் காண்பவரோடு முடிந்துவிடுவதா என்று கேட்கலாம். பிற உயிரின் துன்பம் கண்டு உள்ளம் உருகுவதாகிய ஜீவகாருண்யத்தையே இறையருளுக்கு வழியாக வைத்தார் வள்ளலார் (1823–1874). அவ்வுருக்கத்திற்கு முதலில் வேண்டுவது பார்வை. நாள்தோறும் பார்த்துப் பழகிய உயிரின் அச்சமே பார்ப்பவரின் நெஞ்சைத் தொடுகிறது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள் 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டன என்றாலும், அங்குள்ள பறவைகளுக்கு உண்மையான காவல் ஊராரின் கட்டுப்பாடுதான். கண்மாய் மரங்களில் வந்தடையும் நாரைகளும் கொக்குகளும் மருண்டு கூட்டைவிட்டுப் போய்விடக் கூடாதென்று, அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அதற்கு நன்றியாக வனத்துறையினர் ஊர் மக்களுக்கு இனிப்பு வழங்குகின்றனர்.