தேசிங்குராசன் பாட்டும் அதன் மெய்ப்பாடும்

செஞ்சிக் கோட்டையைக் காண்பார்க்கு முதற்கண் நினைவில் எழுவது தேசிங்குராசன் கதைப்பாட்டேயாம். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்குப் பணியாது, 1714-ஆம் ஆண்டில் இளமையிலேயே பொருது மடிந்த தேஜ்சிங்கனே அதன் தலைவன்.

கட்டளை பிறழாத பாக்களையே பயின்றார் சிலர், அடிவரையறையின்றிச் சொன்ன சொல்லே மீண்டும் வர நீண்டு செல்லும் இதனை இகழ்வர். அது பொருந்தாது. தொல்காப்பியனார் செய்யுளியலிற் பண்ணத்திக்கும் இடந்தந்தார். அஃது எழுதும் பயிற்சியில்லாத வழக்கென்பது பேராசிரியர் கருத்து. ஏடின்றிச் செவியாற் கொள்வார்க்கு மீண்டு வருஞ் சொல்லே பற்றுக்கோடாம்.

இனி, இதன் மெய்ப்பாடு யாது? தறுகண்மை பற்றிய பெருமிதம் என்பர் பலர். முடிவில் நிற்பதோ இழவு பற்றிய அழுகை. சிங்கவரத்து அரங்கநாதர் குறிப்பால் விலக்கவும் அரசன் கேளாது போர்க்கெழுந்தான் என்பது கதை. மணக்கோலத்தை விட்டுவந்த இசுலாமியத் தோழன் மோவுத்துக்கானும் அக்களத்தே மடிகின்றான், அரசியும் தீப்புகுகின்றாள்.

ஈண்டு ஓர் ஐயம் எழும்: இவ்வீரம் போற்றத்தக்கதோ, ஆணவத்தின் செயலோ? களம் ஒன்று, தறுகண்மையும் ஒன்று. எனினும் அரசன்பால் அது 'யான்' என்னுந் தற்போதமாய் நின்றது, தோழன்பால் அன்பாய் நின்றது. பாட்டு இதனை வாய்விட்டுரையாது. பெருமிதத்தாற் கிளர்ந்த நெஞ்சை அழுகையிற் கொண்டு நிறுத்தி, கேட்பாரையே உணர வைக்கின்றது. வினைப்பயனை நுகர்ந்தே மலம் பரிபாகமுறும் என்னுஞ் சித்தாந்தத்திற்கு இஃது ஏற்றதோர் எடுத்துக்காட்டாதல் காண்க.