ஈயும் நீரை ஆராய்தலும் அறமே

நீரை வடிகட்டிப் பருகுதல் சாவகர் இல்லங்களில் தொன்றுதொட்டு நிலவிவரும் ஒழுக்கம். கெட்டியான துணியை இரட்டையாக மடித்து வடிகட்டுகிறோம். இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம் கடந்தால் மீண்டும் வடிகட்டுகிறோம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை நீர் எடுத்த இடத்திலேயே ஊறின்றிச் சேர்க்கிறோம். நீர்வாழ் உயிர்களைக் காத்தலே இவ்வொழுக்கத்தின் முதல் நோக்கம். அந்நீரைப் பருகும் மாந்தர்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை எதுவரை செல்கிறது? நல்லெண்ணத்தோடு நீர் கொடுத்தால் போதுமா? அதன் தன்மையை அறிந்து கொடுப்பதும் அறத்தின் பகுதியா? இவ்வினாவுக்கு விடை காண வங்கதேசத்துச் சிற்றூர்களின் வரலாறு துணை செய்கிறது.

அந்நாட்டில் குளம் குட்டைகளின் நீரைப் பருகிய குழந்தைகள் பலர் வயிற்றுப்போக்கால் மாண்டனர். அதைத் தடுக்க 1970-களில் அரசும் யூனிசெப் நிறுவனமும் கைப்பம்புக் குழாய்க் கிணறுகளை ஊர்தோறும் அமைத்தன. பின்னர் மக்களும் தம் செலவில் இலட்சக்கணக்கில் அமைத்துக்கொண்டனர். நோக்கம் கருணையே. ஆயினும், பல இடங்களில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு இயற்கையாகவே கலந்திருந்தது. நீரில் கரைந்த அந்நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை, காய்ச்சினாலும் நீங்காது. அதனைச் சோதிக்கும் வழக்கம் அக்காலத்தில் அங்கு இல்லை. 1993-ஆம் ஆண்டில்தான் அது கண்டறியப்பட்டது. அதற்குள் கோடிக்கணக்கானோர் அந்நீரைப் பருகியிருந்தனர். பலருக்குத் தோலில் கரும்புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றின; சிலரைப் புற்றுநோய் பற்றியது.

இதில் பழி யாரைச் சாரும்? இம்சையின் வேர் பிரமாதம், அதாவது சோர்வு என்பது நம் ஆன்றோர் கொள்கை. விழிப்புடன் நடப்பவன் காலடியில் தற்செயலாக ஓர் உயிர் மடியினும் அவன் இம்சை செய்தவன் ஆகான். சோர்ந்து நடப்பவனோ, ஒன்றும் மடியாவிடினும் குற்றமுடையவன் ஆவான். இவ்வளவுகோலால் நோக்கின், அறிய வழியில்லாத நாளில் கிணறு தோண்டியோரைப் பழித்தல் தகாது. அறிந்த பின்னும் சோதியாது விடுதலே சோர்வு. பின்னாளில் அங்குக் கிணறுகள் பல சோதிக்கப்பட்டு, தீங்கற்றவற்றுக்குப் பச்சை வண்ணமும் தீங்குடையவற்றுக்குச் சிவப்பு வண்ணமும் பூசப்பட்டன. அன்றுமுதல் பச்சைக் கிணறு உடையவர்க்கும் ஓர் அறம் உண்டாயிற்று: சிவப்புக் கிணற்றுக் குடும்பத்தார்க்குத் தம் முற்றத்தைத் திறந்துவிடுதல்.

அதே நாட்டின் மத்லப் பகுதியில் 65 ஊர்களில் நடந்த ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியபோது காலரா 48 விழுக்காடு குறைந்ததாக ரீட்டா கோல்வெல் குழுவினர் கண்டனர். காலராக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களின் உடலில் ஒட்டி வாழ்வதே காரணம். துணியில் அவ்வுயிர்கள் தங்கவே, கிருமிகளும் தங்கிவிடுகின்றன. நம் வடிகட்டும் துணிக்கு இது பெருமையே. எனினும் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். தனித்து மிதக்கும் கிருமிகளைத் துணி தடுக்காது; கரைந்த நஞ்சையும் தடுக்காது.

நீரைக் காய்ச்சுதல் உயிர்க்கொலை ஆகாதோ எனச் சிலர் ஐயுறலாம். முற்றத் துறந்த நம் முனிவர்கள் ஏற்பதும் காய்ச்சிய நீரே. முதலில் வடிகட்டிச் சிற்றுயிர்களை அவற்றின் இடத்தில் சேர்த்து, பின்னர்க் காய்ச்சினால் இருபாலும் இரக்கம் நிறைவேறும்.

தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல தலைமுறையினரின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்ததை நாம் அறிவோம். நற்காட்சியும் நன்ஞானமும் இன்றி நல்லொழுக்கம் நிறைவுறாது. ஆதலின் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு வழங்குவோர் முதலில் நீரைச் சோதித்து, முடிவை ஊரறிய எழுதி வைப்பாராக. தண்ணீர்ப் பந்தல் வைப்போர் பானையை மூடி, நீண்ட பிடியுள்ள அகப்பையால் நீர் முகந்து வழங்குவாராக. தாகம் தீர்ப்பது தானம். தீர்க்கும் நீரால் தீங்கு வாராது காப்பதே அத்தானத்தின் நிறைவு.