கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்

மணல்மேட்டில் ரீடேக் கிடையாது. கேமரா முன்னால் ஒரு பெண் நடந்து ஏறிவிட்டால் அவள் கால் பட்ட இடமெல்லாம் தடம். இன்னொரு தடவை எடுக்க வேண்டுமானால் அடுத்த மேட்டைத் தேடிப் போக வேண்டும். அல்லது காற்று வந்து தடத்தை மூடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் ஜெய்சல்மேர் பக்கம் படமெடுக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்தான். மேக்கப் போடுபவர், துணி பார்ப்பவர், ரிஃப்ளெக்டர் பிடிக்கும் பையன், ஒட்டகக்காரர் என்று யூனிட் மொத்தமும் மேட்டின் பின்சரிவில் ஒற்றை வரிசையில் ஏறி, கேமராவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். எதிரே இரண்டு மாடல்கள், மணல், வானம். அவ்வளவுதான் இருக்கலாம்.

நான் புதுச்சேரி உப்பளத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ் இவைதான் அடுப்பெரிய வைக்கிற வேலை. துணிக் கம்பெனிகளின் வேலை எப்போதாவது வரும். இந்தத் தடவை கைத்தறிப் பருத்தி உடுப்புகளுக்கு கேட்டலாக். ஆளே இல்லாத இடமாக வேண்டும் என்றார்கள். நாங்கள் போய் இறங்கிய தார், உலகத்துப் பாலைவனங்களிலேயே ஜனநெருக்கம் அதிகமான ஒன்று. ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேடுகளில், வெயில் சாய்ந்ததும் நம்மூர் பீச் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சேர்கிற மாதிரி கூட்டம். ஜீப், ஒட்டகம், சுண்டல் மாதிரி ஏதோ விற்கிறவர்கள், சூரியனுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பவர்கள். ஆளில்லாத பாலைவனம் அங்கே தானாகக் கிடைப்பதில்லை, ஆள் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

பாலைவனம் மட்டுமல்ல, உடுப்பின் பொருத்தமும் செய்யப்படுவதுதான். மாடலுக்குக் கொடுக்கிற உடுப்பு அவள் அளவுக்குத் தைத்ததாக இருக்காது. சாம்பிள் துணி எல்லாம் ஒரே சைஸில் வரும். அதனால் முதுகுப்பக்கம் துணியை இழுத்துப் பிடித்து, காகிதக் கட்டுக்கு மாட்டுகிற கறுப்பு க்ளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் உடம்போடு பிறந்த சட்டை போலிருக்கும். ஒரு ஷாட் முடிந்து அந்தப் பெண் திரும்பி நடந்தபோது, ஒட்டகக்காரர் முதல்முறையாக அந்த முதுகைப் பார்த்தார். கழுத்திலிருந்து இடுப்புவரை க்ளிப். சிரிப்பை அடக்க முடியாமல் ஒட்டகத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்துவிட்டது, அவளும் சிரித்தாள். அன்று முழுவதிலும் அவள் முகம் முகமாக இருந்த நேரம் அதுதான், ஆனால் என் கேமரா மூடியிருந்தது.

இரண்டு மாடல்களில் ஒருத்தி மும்பை, இன்னொருத்தி திருநெல்வேலிப் பக்கம். கம்பெனிக்கு உச்சிவெயிலின் கறுத்த நிழல் வேண்டும். மார்ச் மாதம், வெறுங்கால். "அண்ணா, காலு பொசுங்குது. சீக்கிரம் எடுங்க, மூஞ்சில காட்டாம நிக்கிறேன்" என்றாள் திருநெல்வேலிக்காரி. காட்டவும் இல்லை. ஈரத் துண்டில் காலைப் பொதிந்துகொண்டு உட்காருவாள், கூப்பிட்டதும் எழுந்துபோய், வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரி நிற்பாள். மாடல் என்றால் சும்மா நிற்கிற உத்தியோகம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து சும்மா நின்று பார்க்கலாம்.

இந்த மாதிரிப் படங்களுக்கு இந்தியாவில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1956-ல் பிரிட்டிஷ் வோக் இதழுக்காக நார்மன் பார்க்கின்சன் என்ற புகைப்படக்காரர் மாடல்களோடு இந்தியாவுக்கு வந்தார். ஜெய்ப்பூரில் ஆன் கன்னிங் என்ற மாடலை இளஞ்சிவப்புக் கோட்டில், அலங்கரித்த யானையின் பக்கத்தில் நிறுத்தி அவர் எடுத்த படம் இன்றும் ஃபேஷன் புத்தகங்களில் வந்துகொண்டிருக்கிறது. மாடலின் பெயர் தெரியும், கோட்டின் நிறம் தெரியும். யானையை அடக்கி நிறுத்திவைத்தவர் யாரென்று நான் எங்கும் படித்ததில்லை.

இதைச் சொன்னதும் 'பாவம், உள்ளூர்க்காரன்' என்று ஒரு பெருமூச்சு விட்டுவிடுவது சுலபம். எனக்கு அந்தப் பெருமூச்சு பிடிப்பதில்லை. எங்கள் ஒட்டகக்காரர் பாவமே இல்லை. ஒட்டகம் படத்தில் வந்தால் ஒரு ரேட், வராமல் சாமான் மட்டும் சுமந்தால் ஒரு ரேட், அவர் முகமும் வந்தால் இன்னொன்று. எந்த மேட்டில் ஜீப் ஏறாது, எத்தனை மணிக்குக் காற்று கிளம்பும், வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் சேணத்துச் சிவப்பு எடுக்கும் என்பதெல்லாம் என்னைவிட அவருக்கு அத்துப்படி. நான் சொல்வதற்கு முன்பே ஒட்டகத்தைச் சரியான கோணத்தில் திருப்பிவிட்டு, தானாக ஃபிரேமுக்கு வெளியே போய் நின்றுகொள்வார். நின்றுகொண்டே பீடி பற்றவைப்பார். எத்தனையோ யூனிட்டுகளுக்கு இப்படி விலகி நின்று நின்று, ஃபிரேமின் ஓரம் எங்கே முடிகிறதென்று அவர் உடம்புக்கே தெரிந்திருந்தது.

அந்த வித்தை எனக்குப் புதிதில்லை. புதுச்சேரி ஒயிட் டவுனில் டூமாஸ் வீதியிலோ ரோமன் ரோலண்ட் வீதியிலோ சைக்கிளில் போகிற யாருக்கும் அது உண்டு. மஞ்சள் சுவர், காகிதப்பூச் செடி, பூட்டிய பச்சைக் கதவு, அதன் முன்னால் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்த ஜோடி. "அண்ணா, ஒரு நிமிஷம், கொஞ்சம் தள்ளிக்கோங்க." தள்ளிக்கொள்வோம். பால்காரர், ஸ்கூல் பிள்ளைகள், பெருக்குகிற அம்மா எல்லோரும் காலை ஊன்றி நின்றுவிட்டுப் பிறகு நகர்வோம். படத்தில் வீதி காலியாக இருக்கும். பிரெஞ்சுக்காரன் நேற்றுத்தான் கதவைப் பூட்டிக்கொண்டு போனமாதிரி.

உப்பளத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தெற்கு புல்வாரைத் தாண்டிவிட்டால் கேமராக்கள் திரும்பிவிடும். விளையாட்டரங்கம், துறைமுகம், வாய்க்கால், அம்பேத்கர் சாலையின் லாரி, மீன் கூடை, கட்சிக் கொடி எதுவும் யாருடைய போஸ்ட் கார்டிலும் வராது. ஆனால் ஒயிட் டவுனில் பெருக்குகிறவர்களிலும் ஹோட்டலில் மேஜை துடைக்கிறவர்களிலும் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் உண்டு. படம் எடுக்கும்போது விலகி நிற்பதற்கென்றே காலையில் குளித்துவிட்டுப் போகிறமாதிரி இருக்கும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து போன நான்தான் ராஜஸ்தானில் ஆடு மேய்க்கிற ஒருவரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், கொஞ்சம் நகருங்கள் என்று கையைக் காட்டினேன். அவரும் எங்கள் ஊர்க்காரரைப் போலவே, கோபமும் இல்லாமல் சந்தோஷமும் இல்லாமல் நகர்ந்தார். ஆடுகள்தான் கொஞ்சம் பிகு பண்ணின.

யாரையும் நகரச் சொல்லாமல், எதையும் ஏற்பாடு செய்யாமல் எடுப்பதே உத்தமம் என்று சொல்கிற மரபு ஒன்றிருக்கிறது. அதன் பிதாமகர் ஹென்றி கார்த்தியே-பிரசோன். அவரும் எங்கள் ஊருக்கு வந்தவர்தான். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்துவிட்டு, அதே மாதம் புதுச்சேரிக்கு வந்தார். பல பத்தாண்டுகளாகக் கேமரா முன் வராதிருந்த அரவிந்தரை எடுத்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்துவிட்டார். அந்தப் படங்களைவிட, பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரவிந்தர் ஆசிரமம் அந்த நெகடிவ்களை விலை கொடுத்து வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. எடுத்தவர் எவ்வளவு பெரியவரானாலும், எடுக்கப்பட்டவர் பக்கத்துக்குச் சக்தி இருந்தால் படம் யாரிடம் இருக்க வேண்டுமென்பதை அவர்களும் சொல்லலாம். அந்தச் சக்தி ஆடு மேய்ப்பவருக்கு இல்லை, க்ளிப் மாட்டி நின்ற பெண்ணுக்கும் இல்லை. ஏற்பாடு செய்து எடுத்தோமா செய்யாமல் எடுத்தோமா என்பது எங்கள் தொழிலுக்குள் நாங்கள் போட்டுக்கொள்கிற சண்டை. நிற்பவருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்தியிலிருந்து மன்னார்குடிக்கு வாராந்திர ரயில் ஒன்று வருகிறது. அதில் விழுப்புரம்வரை வந்து, பிறகு 1879-லிருந்து ஓடுகிற எங்கள் கிளைப் பாதையில் புதுச்சேரி. நான் இல்லாத நாட்களில் ஸ்டூடியோ ஷட்டரைத் தூக்கியது என் மனைவிதான். பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் அவளே எடுத்துவிடுவாள், என்னைவிடப் பொறுமையாக. கணக்கு நோட்டை நீட்டிவிட்டு லேப்டாப்பில் படங்களைப் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொன்னாள். பிறகு, "இவங்கள்லாம் எங்க ஒதுங்குனாங்க? ஒரு மரங்கூட இல்லையே" என்றாள்.

மரம் இருந்தது. ஃபிரேமுக்கு வலது ஓரத்தில், ஒரு கஜம் தள்ளி. கேஜ்ரி என்பார்கள் அங்கே. நம்மூர் வன்னி மரமேதான். விருத்தாசலம் கோயிலில் தலவிருட்சமாக நிற்கிறதே, அதே ஜாதி. ராஜஸ்தானின் மாநில மரம். அதன் இளங்காயைக் காயவைத்து, பாலைவனத்துக் கேர் காயோடு சேர்த்து எண்ணெயும் மிளகாயும் போட்டு வதக்கிக் கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். முதல் கவளத்தில் நம் சுண்டைக்காய் வற்றல் நினைவு வரும். உச்சிவெயிலில் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டது அதன் நிழலில்தான். மாடல்கள், ஒட்டகக்காரர், நகரச் சொன்ன ஆட்டுக்காரரும்கூட. ஜோத்பூர் அருகே கேஜட்லி என்ற ஊரில் 1730-ல் இந்த மரங்களை ராஜாவின் ஆட்கள் வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பிஷ்ணோய்ப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர்விட்டாள். அவளைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர். அப்படி நின்ற மரத்தை, வெறுமை வேண்டும் என்று கம்பெனி கேட்டதால், முக்காலியைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பி வெளியே தள்ளியிருக்கிறேன். இதில் குற்றவுணர்ச்சிப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எதையும் வெளியே தள்ளாமல் படம் எடுக்க முடியாது. ஆனால் என் மனைவிக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததெல்லாம் அந்த மரத்தடியில்தான் நடந்தது என்பதும் உண்மை. படத்தைக் காட்டி அதைச் சொல்ல வழியில்லை, வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஒரு கிழவி வந்தார். கணவர் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். பிரெஞ்சு பாஸ்போர்ட் புதுப்பிக்கப் படம் வேண்டும். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தச் சட்டம் தலைகீழ்ப் பாடம்: 35-க்கு 45 மில்லிமீட்டர், தாடையிலிருந்து உச்சிவரை முகம் 32-லிருந்து 36 மில்லிமீட்டருக்குள், பின்னணி வெள்ளையாக இருக்கக் கூடாது, வெளிர் நீலமோ வெளிர் சாம்பலோ, வாய் மூடியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. துணிக் கம்பெனியாவது மணலையும் வானத்தையும் விட்டுவைத்தது. தூதரகம் அதையும் துடைத்துவிடும்.

கிழவி பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி வந்திருந்தார். வாயை மூடுங்க ஆயா, சிரிக்காதீங்க என்றேன். "பென்ஷன் குடுக்கிறவன் எப்படிச் சொல்றானோ அப்படித்தான் மூஞ்சிய வச்சுக்கணும். இல்ல தம்பி?" என்றார். சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல், "இப்ப எனக்குன்னு ஒண்ணு எடு. புடவை தெரியணும்" என்றார். எடுத்தேன். இதற்கு அவரே காசு கொடுத்தார், அதனால் எப்படி எடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். தலையைச் சாய்க்கச் சொன்னால் மாட்டேன் என்றார். அந்தக் காலத்தில் ஜனங்கள் ஸ்டூடியோவுக்கு இப்படித்தான் வந்தார்கள். பின்னால் தொங்கிய திரையில் தோட்டமா, மாளிகையா, கடலா என்பதுகூட அவர்கள் தேர்ந்தெடுத்ததுதான். தூர தேசம் வேண்டுமென்றால் தூர தேசம் அவர்களைத் தேடி வந்து பின்னால் தொங்கும். யாரும் யாருக்காகவும் நகர வேண்டியதில்லை. துணியில் வரைந்த மரத்துக்குக் கோபம் வராது.

கேட்டலாக் பிடித்துப்போய், அதே கம்பெனி அடுத்த வேலையும் கொடுத்திருக்கிறது. இந்தத் தடவை வெள்ளைப் பாலைவனம். கட்ச் ரண் போகக் காசில்லை, அதே மாதிரி பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். மரக்காணம் உப்பளங்களைச் சொன்னேன். ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரம். பாத்தி பாத்தியாக வெள்ளை, கண் கூசும், வானம் தண்ணீரில் தெரியும். ஆனால் நல்ல வெளிச்சம் இருக்கிற விடியற்காலை, உப்பு வாருகிறவர்கள் வேலை செய்கிற நேரமும்கூட. வெயில் ஏறினால் அவர்களாலும் நிற்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அவர்களை வரப்போரம் போய் நிற்கச் சொன்னால் அன்றைய வேலை கெடும்.

கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: லொக்கேஷனில் வேலை செய்பவர்களுக்குக் காத்திருப்புக் கூலி. கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார்.

"சார், பர்மிஷனுக்குத் தனியா போட்டிருக்கீங்க. இது என்ன ஐட்டம்?"

"நாம படம் எடுக்குறப்ப அவங்க வேலைய நிறுத்திட்டு நிப்பாங்கல்ல, அதுக்கு."

"அதெல்லாம் எப்பவும் ஸ்பாட்லயே கையில ஏதாச்சும் குடுத்துப் பேசி முடிச்சிடுவீங்கல்ல?"

"இந்தத் தடவ கணக்குல காட்டிடலாம்னு பாக்குறேன்."

"பில் இல்லாம எப்படி சார் பாஸ் பண்ணுவாங்க?"

வவுச்சர் தருகிறேன் என்றேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக: பெயர், ஊர், தொகை, கையெழுத்து, கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு ரேகை. அது போதுமா என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.