நோன்பும் மருத்துவர் சொல்லும்
கோவைக் கோட்டைமேட்டில் ரமளான் நெருங்கினால் சர்க்கரை நோயாளர் பலர் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை. "நோன்பு கூடாது" என்பார் அவர். தலையசைத்து வந்து, மாத்திரை வேளையைத் தாமே மாற்றி நோற்பர் இவர். 2001இல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளரிடம் சர்க்கரை கடுமையாக இறங்கும் ஆபத்து ரமளானில் 7.5 மடங்காகியிருந்தது. பிணியாளர் பின்னாளில் நோற்கவும், தீராப் பிணியாயின் ஃபித்யா வழங்கவும் மார்க்கமே இடந்தந்திருக்க, அச்சலுகையை ஈமானின் குறையென எண்ணுவானேன்? உடலும் அமானிதமன்றோ! காரணம் கூறாது தடுக்கும் மருத்துவரையும் நாம் மெச்சோம். நோய் கட்டுக்குள் இருப்போர் பலர்க்கு மருந்தளவை மாற்றி நோற்க வழியுண்டு. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழிறங்கின் உடனே திறந்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் கேட்டறிய ரஜபு மாதமே ஏற்றது. மருந்தை மாற்றிப் பார்க்க அவருக்கும் ஆறேழு வாரம் வேண்டுமே.