மாறனேரி நம்பி கேட்ட பிரசாதம்

சர்க்கரை வந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. தோலில் நோய் வந்தவரிடம் மட்டும் ஊர் கூசாமல் கேட்கிறது: "என்ன பாவம் பண்ணினாயோ?" திருச்சியில் பெத்தாலஜி மருத்துவராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வசிக்கிறேன். அந்தக் கேள்வியை என்னால் பொறுக்க முடிவதில்லை.

வேலையில் இருந்த காலத்தில், மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகனின் பயாப்ஸி பிளாக்கை வேலூருக்குக் கொண்டுபோக வாங்க வந்தார். பையனுக்கு இடுப்பிலும் தொடையிலும் வெளிறிய திட்டுகள். தேமல் என்றார்கள், வெண்புள்ளி என்றார்கள். குஷ்டமோ என்று உணர்ச்சி பார்த்தார்கள், உணர்ச்சி இருந்தது. சமயபுரத்து வேண்டுதலும் முடித்தாயிற்று. "ஆத்தாளுக்கு என்ன குறை வெச்சேன் டாக்டரம்மா?" என்று அழுதார்.

ஸ்லைடில் நான் பார்த்தது மேல்தோலுக்குள் ஏறி வரிசை கட்டி நின்ற டி லிம்போசைட்டுகளை. மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ்: 1806இல் அலிபெர் விவரித்த நோய், தோலிலேயே தொடங்கும் லிம்போமா என்னும் புற்றுநோய். அதன் வெளிறிய வகை நம்மைப் போன்ற கருத்த தோலில், இளவயதில் அதிகம். வேலூர் முடிவில் சிடி8 என்ற வகை டி செல்கள் மிகுந்திருந்தன. இந்த வகைக்கு அது வழக்கம்தான். ஒளிச்சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் அதே சிடி8 செல்கள் இன்னோர் அரிய தோல் லிம்போமாவில் புண்ணாக வெடித்து, வேகமாகப் பரவி உயிரைக் குடிக்கும். ஸ்லைடை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். திட்டு எத்தனை காலமாக, எப்படி வளர்ந்தது என்று தோல் மருத்துவர் சொல்ல வேண்டும். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பியப் புற்றுநோய் அமைப்பும் திருத்திய பட்டியலில்கூட அந்தக் கொடிய வகை தற்காலிகமாகவே இடம்பெற்றது.

செல்லைக் கண்ணால் பார்த்த பிறகும் "உறுதியில்லை, மறுபடி சதை எடுக்கவும்" என்று எழுதிக் கொடுக்கிறோம். யாரும் பார்த்திராத முற்பிறவியைப் பற்றி மட்டும் எங்கிருந்து வருகிறது இவ்வளவு உறுதி?

நான் கர்மத்தை நம்புகிறவள். என் கர்மத்தைப் பற்றி நான் யோசிக்கலாம். அடுத்தவர் உடம்பில் அதை வாசிக்க எனக்கு அதிகாரமில்லை.

இதே ஸ்ரீரங்கத்தில் வைணவ ஆசாரியர் ஆளவந்தாருக்கு ராஜபிளவை என்ற கொடிய கட்டி வந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அது எந்த நோய் என்று இன்று ஆராய ஸ்லைடு கிடையாது, நான் அதில் இறங்கவும் மாட்டேன். தாழ்ந்த குலம் என்று ஊர் ஒதுக்கிய அவருடைய சீடர் மாறனேரி நம்பி அந்த நோயை எனக்குப் பிரசாதமாகத் தாருங்கள் என்று ஆசாரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நோய் பாவத்தின் முத்திரை மட்டுமே என்றால் அது எப்படிப் பிரசாதமாகும்? மாறனேரி நம்பி பரமபதித்தபோது, ஆளவந்தாரின் இன்னொரு சீடரும் ராமானுஜரின் குருவுமான பெரிய நம்பியே ஈமக்கிரியை செய்தார். அதற்காக ஊர் பெரிய நம்பியை விலக்கி வைத்தது. ராமானுஜர் காரணம் கேட்டபோது, ஜடாயுவுக்கு ராமன் செய்யவில்லையா என்று அந்தக் குரு திருப்பிக் கேட்டார்.